மடக்குக் கத்தி சேகரிப்பு: அமெரிக்காவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பென்சில்வேனியா, ஒஹையோ, டென்னசி பக்கம் குடிவந்தவர்கள் சின்ன ஊர் ஹார்டுவேர் கடைகளில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வரிசையாக மடக்குக் கத்திகள் இருக்கும். மஞ்சள் பிடி, எலும்புப் பிடி, மான்கொம்புப் பிடி. பட்டனும் இல்லை, பூட்டும் இல்லை. நகத்தை வைத்து இழுத்தால் திறக்கும். முதுகுப் பக்கத்து ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் அப்படியே நிற்கும். ஸ்லிப் ஜாயின்ட் என்று சொல்வது இந்த வகையைத்தான். இவற்றைச் சேகரிப்பவர்கள் இங்கே ஏராளம். புதிதாக வருபவர்களை அன்பாகச் சேர்த்துக்கொள்ளும் கூட்டம் அது.

நான் இதில் இறங்கியபோது தமிழில் ஒரு வரி கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்தவை பாதி தெரிந்தவர்களுக்காக எழுதியவை. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, நீங்களும் அதே அலைச்சல் படவேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பொழுதுபோக்கில் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்து வாங்குபவர்கள்தான். நாலு பேரோடு மேசையில் உட்கார்ந்து, கையில் எடுத்துப் பார்த்துப் பழகியவர்களை ஏமாற்றுவது கடினம்.

1. வாங்குவதற்கு முன் சட்டம்

வீட்டில் வைத்திருப்பதில் சாதாரண மடக்குக் கத்திக்குச் சிக்கல் இல்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போகும்போதுதான் கேள்வி வரும். மாநிலத்துக்கு மாநிலம், சில சமயம் நகரத்துக்கு நகரம், விதி மாறுகிறது. நியூயார்க் நகரத்தில் 4 அங்குலமோ அதற்கு மேலோ நீளமான அலகு கூடாது. சின்னக் கத்தியானாலும் வெளியே தெரியும்படி மாட்டிக்கொண்டு நடக்கக் கூடாது. டெக்சாசில் 5.5 அங்குலத்துக்கு மேல் போனால்தான் சில இடங்களில் தடை. உங்கள் மாநிலச் சட்டத்தையும் நகர விதியையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மத்திய அரசுக் கட்டடங்களுக்கான சட்டத்தில் 2.5 அங்குலத்துக்குக் குறைவான அலகுள்ள பாக்கெட் கத்திக்கு விலக்கு உண்டு. ஆனாலும் வாசலில் நிற்கும் காவலர் உள்ளே விடுவார் என்று நம்பிப் போகாதீர்கள். குடியேற்ற அலுவலகத்துக்குக் கைரேகை கொடுக்கப் போகும் நாள், நீதிமன்றம் போகும் நாள், விமானம் ஏறும் நாள் என்றால் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். முக்கியமாகப் பள்ளிக்கூடம். பிள்ளைகளோடு சேர்ந்து சேகரிக்க நினைப்பவர்கள் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: புத்தகப் பையில் கத்தி போகவே கூடாது. நண்பனுக்குக் காட்டத்தான் எடுத்துப் போனேன் என்ற விளக்கமெல்லாம் எடுபடாது. இடைநீக்கம் வரைக்கும் போகும்.

2. எதைச் சேர்ப்பது என்று குறுக்கிக்கொள்ளுங்கள்

கண்ணில் படுவதையெல்லாம் வாங்கினால் ஒரே வருடத்தில் பெட்டி நிறையும், எதைப் பற்றியும் உருப்படியாகத் தெரியாது. ஒரு வடிவத்தையோ ஒரு கம்பெனியையோ பிடித்துக்கொள்ளுங்கள்.

வடிவம் என்றால் நீங்கள் முதலில் கேள்விப்படப்போகும் பெயர்கள் டிராப்பர், ஸ்டாக்மேன், பார்லோ, காங்கிரஸ், கனூ, பீனட். டிராப்பரில் இரண்டு நீள அலகுகள் ஒரே முனையில் மடங்கும். ஸ்டாக்மேன் மாடு வளர்ப்பவர்களின் கத்தி, மூன்று அலகு. அதில் முனை மழுங்கி உருண்டிருக்கும் அலகு கன்றுகளுக்குக் காயடிக்க வைத்தது. பார்லோவில் பிடியின் ஒரு முனையில் மட்டும் நீளமான உலோகக் கவசம், போல்ஸ்டர், இருக்கும்.

கம்பெனி என்றால், கேஸ் இன்றும் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்கிறது. புதியது எந்த ஊரிலும் கிடைக்கும், பழையதற்குச் சந்தை பெரிது, வயதைக் கண்டுபிடிக்க முறை இருக்கிறது. அதனால் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது கேஸ்தான். கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி 2006-இல் அதே மாநிலத்தின் டைட்டஸ்வில்லில் தொடங்கியது. வேலைப்பாடு அருமை, ஆனால் குறைந்த எண்ணிக்கையில் செய்வதால் கடைக்கு வந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோகும், அப்புறம் கைமாறும் விலை ஏறிவிடும். நியூயார்க் மாநிலத்து ஷ்ரேட் ஆலை 2004-இலும் கமிலஸ் 2007-இலும் மூடப்பட்டன. ஷ்ரேடின் ஓல்ட் டைமர், அங்கிள் ஹென்றி பெயர்களில் இப்போது வருபவை பெரும்பாலும் சீனாவில் செய்தவை. அலகின் அடியில் யூ.எஸ்.ஏ. என்று இருக்கிறதா என்று பார்க்காமல் ஓல்ட் டைமர் வாங்காதீர்கள்.

செலவைப் பொறுத்தவரை, புதிய கேஸ் கத்திகளில் எளியவை 50 முதல் 80 டாலருக்குள் வரும். கிரேட் ஈஸ்டர்ன் கடை விலையிலேயே 100 டாலரைத் தாண்டும். பழைய அமெரிக்க ஓல்ட் டைமர் நல்ல நிலையில் 20, 30 டாலருக்குச் சந்தைகளில் அகப்படும். கை பழக அதுவே நல்ல தொடக்கம்.

3. முதலில் சங்கம், அப்புறம் கத்தி

பல மாநிலங்களில் கத்திச் சேகரிப்பாளர் சங்கங்கள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை நூலக அறையிலோ தேவாலயக் கூடத்திலோ உணவகத்தின் பின்னறையிலோ கூடுவார்கள். ஆண்டுச் சந்தா பெரும்பாலும் ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கிவிடும். முதல் கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போகலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள், மறுப்பவர்கள் அரிது. பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்றுகூடச் சொல்வேன். முதல் இரண்டு கூட்டங்கள் பார்ப்பதற்கு மட்டும்.

அங்கே நடந்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. யாரும் எழுதி ஒட்டியிருக்கமாட்டார்கள். மேசையில் இருக்கும் கத்தியை எடுக்குமுன் கேளுங்கள், திறக்குமுன் மறுபடி கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு அலகை மட்டும் திறங்கள். அலகின் பக்கவாட்டில் விரல் படவேண்டாம். கார்பன் எஃகில் கைரேகை துருவாக மாறும். மூடும்போது ‘டக்’ என்று விட்டுவிடாமல் மெதுவாக மூடுங்கள். துணியால் ஒருமுறை துடைத்து, மூடிய நிலையில் திருப்பிக் கொடுங்கள். இன்னொருவர் கையில் ஒரு கத்தி இருக்கும்போது அதற்கு விலை பேசக் கூடாது. அவர் கீழே வைக்கட்டும். இந்த ஒரு விதியை மீறினால் அந்த மேசையில் உங்களுக்கு மரியாதை போய்விடும்.

சில பழைய நம்பிக்கைகளும் உண்டு. கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்துபோகும் என்பார்கள். அதனால் கத்தியோடு ஒரு சென்ட் நாணயத்தையும் வைத்துத் தருவார்கள். வாங்கியவர் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்து ‘விலைக்கு வாங்கியதாக’ ஆக்கிவிட வேண்டும். ஒருவர் திறந்து கொடுத்த கத்தியை அவரிடம் திறந்தபடியேதான் திருப்பித் தரவேண்டும் என்று நினைக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். மதித்து நடங்கள். அவர்கள் மடியில் வைத்திருக்கும் சுருட்டுப் பெட்டிகளில்தான் நீங்கள் தேடும் கத்திகள் இருக்கின்றன.

சங்கங்கள் பல ஆண்டுக்கொரு கத்தியை ஒரு கம்பெனியிடம் செய்யச் சொல்லி, எண் பொறித்து உறுப்பினர்களுக்குத் தருவதுண்டு. ஆண்டுதோறும் ஒரே எண்ணை உங்களுக்கே ஒதுக்குவார்களா என்று சேரும்போதே கேளுங்கள். ஒரே எண்ணில் அமைந்த தொகுப்புக்குத் தனி மதிப்பு. முன்பதிவுக்குக் கடைசித் தேதி இருக்கும். அது தவறினால் அந்த ஆண்டு போயிற்று.

4. கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி

அனுபவசாலி ஒருவர் பழைய டிராப்பர் ஒன்றைப் பார்ப்பதைக் கவனித்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். முதலில் திறக்கமாட்டார். மூடியபடியே விளக்குக்கு நேராகப் பிடித்து, முதுகு ஸ்பிரிங்குக்கும் பக்கத்துப் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பார். பிறகு மேலிருந்து பார்ப்பார். அலகின் முனை பிடிக்குள் அமுங்கி இருக்க வேண்டும். வெளியே எட்டிப் பார்த்தால் அளவுக்கு மீறித் தீட்டியிருக்கிறார்கள், அல்லது அலகையே மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் நகத்தை வைத்து இழுப்பார். ஸ்பிரிங் எவ்வளவு எதிர்க்கிறது, முடிவில் எப்படி அடித்து நிற்கிறது என்பதைக் காதால் கேட்பார். இந்த விறைப்பையும் சத்தத்தையும் சேர்த்து ‘வாக் அண்ட் டாக்’ என்பார்கள். பழைய கத்தியின் உயிர் அதில்தான். திறந்ததும் அலகைப் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பார்ப்பார். பிடியில் ஆணிகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் தேடுவார். பிடியில் பதித்த சின்ன உலோகச் சின்னத்தைச் சுற்றி இடைவெளியோ பசையோ தெரிந்தால் அது பிறகு வைத்ததாக இருக்கலாம்.

கடைசியாக ஒவ்வொரு அலகையும் தனித்தனியாகப் பார்ப்பார். இரண்டு உடைந்த கத்திகளைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பது இங்கே பழைய தொழில். ஒரு அலகு சாம்பல் பூத்து, மற்றது பளபளவென்று இருந்தால் காரணம் கேளுங்கள்.

5. அலகின் அடியில் இருக்கும் முத்திரை

அலகு பிடியைச் சேரும் அடிப்பகுதிக்குப் பெயர் டாங். கம்பெனி முத்திரை அங்கேதான். கேஸ் கத்தியில் இதை வைத்து வயதைச் சொல்லிவிடலாம்.

வெறும் ‘கேஸ் எக்ஸ்எக்ஸ்’ என்று இருந்தால் 1940 முதல் 1964 வரை. கீழே யூ.எஸ்.ஏ. சேர்ந்திருந்தால் 1965 முதல் 1969 வரை. 1970-இல் 10 புள்ளிகள் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்தார்கள். 7 புள்ளி என்றால் 1973, ஒரே புள்ளி என்றால் 1979. 1980-இல் மறுபடி 10 புள்ளியில் தொடங்கினார்கள். அப்போது கேஸ் என்ற பெயரின் எஸ் எழுத்தை மின்னல் போல வளைத்துவிட்டதால் இரண்டு பத்தாண்டுகளையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. 10-இலிருந்து ஆண்டின் கடைசி எண்ணைக் கழித்தால் புள்ளிகளின் எண்ணிக்கை. 1990-க்குப் பிறகு முறை பலமுறை மாறியது. அந்த ஆண்டுகளின் முத்திரை அட்டவணையைத் தேடிப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி. புள்ளிகளைத் தேய்த்து எடுத்துவிட்டால் 1970-களின் கத்தி 1960-களின் கத்தியாகிவிடும், விலையும் கூடும். அதனால் யூ.எஸ்.ஏ. முத்திரை மட்டும் உள்ள கத்தியில் எழுத்துக்குக் கீழே உலோகம் குழிந்திருக்கிறதா, அங்கே மட்டும் மெருகு வேறாக இருக்கிறதா என்று சாய்த்துப் பாருங்கள்.

கேஸின் மாதிரி எண்ணும் படிக்கக் கற்றுக்கொள்ள எளிது. 6254 என்றால் முதல் எண் பிடி: 6 எலும்பு, 5 மான்கொம்பு, 3 மஞ்சள் செயற்கைப் பிடி. இரண்டாவது எண் அலகுகளின் எண்ணிக்கை. மீதி வடிவம், 54 என்றால் டிராப்பர். ஆக 3254 மஞ்சள் பிடி, இரண்டு அலகு டிராப்பர். எண் ஒன்று சொல்ல, கையில் இருப்பது வேறொன்றாக இருந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள்.

6. நிலையும் விலையும்

விற்பவர்கள் சொல்லும் சொற்களுக்குப் பொருள் உண்டு. மின்ட் என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி. தீட்டவில்லை, பையில் போட்டுத் திரியவில்லை. நியர் மின்டில் லேசான தடயங்கள். எக்சலன்ட் என்றால் அலகு பத்தில் ஒரு பங்கு வரை தேய்ந்திருக்கலாம். வெரி குட் என்றால் கால் பங்கு. ஃபேர் என்றால் பாதி. அதற்குக் கீழே உதிரிபாகத்துக்குத்தான். மின்டுக்கும் எக்சலன்டுக்கும் நடுவே விலை பாதியாகிவிடுவதெல்லாம் சாதாரணம். ‘வயசுக்கு மின்ட்’ என்று ஒரு நிலை கிடையாது. அப்படிச் சொன்னால் மின்ட் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விலை தெரிய ஏலத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. அதில் கடைசி மூன்று மாத விலைதான் உண்மை விலை.

7. எங்கே, எப்போது

கத்திக் கண்காட்சிகளில் பெரியது ஜூன் மாதம் அட்லான்டாவில் நடக்கும் பிளேடு ஷோ. அது நவீனக் கத்திகளும் கலந்த கடல். பழைய மடக்குக் கத்திக்கு உள்ளூர்ச் சங்கங்கள் நடத்தும் சின்னக் கண்காட்சிகள் மேல். அரிய கத்தி வேண்டுமென்றால் முதல் நாள் காலை. பேரம் வேண்டுமென்றால் கடைசி நாள் மதியத்துக்கு மேல், மேசையை மூட்டை கட்டும் நேரம். ரொக்கமாகக் கொண்டுபோங்கள், 20 டாலர் நோட்டுகளாக.

இறந்தவர் வீட்டுப் பொருட்களை விற்கும் எஸ்டேட் சேல்களில் முதல் நாள் முழு விலை, கடைசி நாள் பெரும்பாலும் பாதி விலை. நல்ல கத்தி கடைசி நாள் வரை நிற்காது, ஆனால் பெட்டியோடு மொத்தமாக வைத்த சில்லறைக் கத்திகள் நிற்கும்.

இணையத்தில் வாங்கியே ஆகவேண்டுமென்றால், மூடியபடி இரு பக்கமும், எல்லா அலகும் திறந்தபடி, ஒவ்வொரு முத்திரையும் அருகில் என்று படம் கேளுங்கள். முத்திரைப் படம் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்கவேண்டாம். பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த வழியில் கட்டிய பணம் திரும்பவே இல்லை. சாதாரண மடக்குக் கத்தியைத் தபாலில் அனுப்பலாம். பட்டன் தட்டித் திறக்கும் வகைதான் தடை. விலை கூடியதென்றால் காப்பீடும் கையெழுத்தும் கேட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

யானைத் தந்தப் பிடி என்று யாராவது நீட்டினால் வேண்டாம். 2016 முதல் மாநிலம் விட்டு மாநிலம் விற்க மத்திய விதிகள் மிகக் கடுமை. நியூயார்க், கலிஃபோர்னியா போன்றவை தனியாகவும் தடை வைத்திருக்கின்றன.

8. வீட்டில் வைக்கும் விதம்

தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோலைப் பதனிடும் பொருளும் அதில் தங்கும் ஈரமும் எஃகை அரிக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் மினரல் ஆயில் ஒரு புட்டி வாங்குங்கள். சில டாலர்தான், வருடக்கணக்கில் வரும். மூட்டில் ஒரு சொட்டு, அலகின்மேல் துணியால் மெல்லிய பூச்சு. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டாம்; நாளானால் பிசுபிசுத்து மூட்டு இறுகிவிடும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், மூன்று மாதத்துக்கொருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடையுங்கள்.

செல்லுலாய்டு பிடி உள்ள பழைய கத்திகளைத் தனிப் பெட்டியில் வையுங்கள். அது கெட ஆரம்பித்தால் வெளிவிடும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். பெட்டியைத் திறந்ததும் சூடம் போல நெடி அடித்தால் எது என்று தேடிப் பிரித்துவிடுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பு, ஹீட்டர் பக்கமே கூடாது.

பழைய அலகின் சாம்பல் படலத்தை மெருகு போட்டு எடுக்காதீர்கள். சிவந்த துருவை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் எடுங்கள். கம்பெனிக்குப் பழுதுபார்க்க அனுப்புமுன்னும் கேட்டுக்கொள்ளுங்கள். அலகை மாற்றித் திருப்பி அனுப்பினால் கத்தி புதிதாகும், சேகரிப்பு மதிப்பு போய்விடும்.

புழக்கத்துக்கென்று ஒரு கத்தி தனியாக இருக்கட்டும். அதில் மாம்பழம் நறுக்குங்கள், வெங்காயம் அரியுங்கள். கார்பன் எஃகு கறுக்கும், கழுவித் துடைத்துவிட்டால் போதும்.

9. காகிதங்கள்

முதல் கத்தியிலிருந்தே ஒரு பட்டியல் வையுங்கள்: வாங்கிய தேதி, யாரிடம், விலை, முத்திரை, மாதிரி எண், படங்கள். கண்காட்சியில் ரொக்கத்துக்கு வாங்கினாலும் ஒரு துண்டுச் சீட்டில் மாதிரி எண்ணும் ‘அசல் இல்லையென்றால் திருப்பிக்கொள்கிறேன்’ என்பதும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையான வியாபாரி கேட்டதும் எழுதித் தருவார். பெட்டி, உள்ளே இருந்த தாள், எண் சான்றிதழ் எதையும் எறியாதீர்கள். பெட்டியின் ஓரத்து லேபிள் கத்தியோடு பொருந்தினால் மதிப்பு கூடும்.

சேகரிப்பு ஓரளவு வளர்ந்ததும் வீட்டுக் காப்பீட்டுக்காரரிடம் பேசுங்கள். சேகரிப்புப் பொருட்களுக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள், தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டியிருக்கும்; அப்போது கேட்பது இந்தப் பட்டியலைத்தான். லாபத்துக்கு விற்றால் வரி உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் சேகரிப்புப் பொருளுக்கு மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். வாங்கிய விலைக்குச் சீட்டு இல்லாவிட்டால் அந்த விலையைக் கழித்து உண்மையான லாபத்தைக் காட்ட வழியில்லை.

10. ஊருக்குக் கொண்டுபோவதானால்

கத்தி கைப்பையில் போகவே முடியாது. அலகை மூடி, துணியில் சுற்றி, ஒப்படைக்கும் பெட்டிக்குள் வையுங்கள். இடையில் விமானம் மாறும்போது பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டிய பயணமானால், அவசரத்தில் எதையும் கைப்பைக்கு மாற்றாதீர்கள்.

பிடி என்ன பொருள் என்பதுதான் பெரிய விஷயம். அமெரிக்கக் கத்திகளில் மான்கொம்பு என்று வருவதில் பெரும்பகுதி சாம்பர் மானின் கொம்பு, அதாவது நம் காடுகளில் திரியும் கடமான், மிளா. இந்தியா 1990-களின் இறுதியில் அதன் ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் இங்கே மான்கொம்புப் பிடியின் விலை ஏறியது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு என்பதால், ஆவணமில்லாமல் அந்தப் பிடியோடு சென்னை விமான நிலையத்தில் இறங்குவது வேண்டாத வம்பு. அப்பாவுக்கோ மாமாவுக்கோ பரிசு கொடுக்க ஆசை என்றால் மஞ்சள் செயற்கைப் பிடி உள்ள டிராப்பரையோ மரப்பிடி உள்ளதையோ எடுத்துப் போங்கள். கடைச் சீட்டையும் பெட்டியையும் சேர்த்தே வையுங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்ட உதவும். ஒரு சென்ட் நாணயத்தையும் மறக்கவேண்டாம்.